ரெட்டியார்பாளையத்தில் இரண்டு போர்ஷன் வீடு: வாடகையை நம்பி லோன் போடலாமா?

செம்மண்டலத்தான்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன மே மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் 22 லட்சம் வங்கியில் அப்படியே இருக்கிறது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன் உள்ள வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 52 லட்சம் சொல்கிறார்கள். மீதி 30 லட்சத்துக்கு என் பெயரில் லோன் போடலாம் என்று யோசனை. 8.5 சதவீத வட்டி, 20 வருடம், மாதத் தவணை 26,035 ரூபாய். இப்போது கீழே 9,500, மேலே 8,000 வாடகை வருகிறது. இரண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"முக்கால்வாசி லோனை வாடகையே கட்டிடும் சார், நீங்க மாசம் எட்டாயிரம் போட்டா போதும்" என்கிறார் புரோக்கர். அப்பாவுக்கும் ஆசை. வீட்டு வாடகை வந்தால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார். நாங்கள் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறோம், எங்களுடையது 1998இல் கட்டிய சின்ன வீடு. வாடகைக்கு விட்டுப் பழக்கம் இல்லை. பழகியவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா

தம்பி, 21 வருடமாக மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். புரோக்கர் கணக்கில் வருடத்துக்கு 12 மாதமும் வாடகை வருகிறது. என் நோட்டில் ஒரு வருடம்கூட அப்படி வந்தது இல்லை. ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்தால் ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், ஆவணி வரை பூட்டிக் கிடக்கும். மார்கழியும் அப்படித்தான். அதனால் 11 மாதம் என்று வையுங்கள். 17,500 வீதம் 1,92,500 ரூபாய்.

அதிலிருந்து செலவைக் கழியுங்கள். போன வருடம் எனக்கு மூன்று போர்ஷனிலும் சேர்த்து மாதம் 19,500 வாடகை. மோட்டார் காயில் எரிந்தது, செப்டிக் டேங்க் எடுத்தது, மொட்டை மாடியில் தட்டோடு பெயர்த்துப் போட்டது, ஒரு போர்ஷனுக்கு வெள்ளை அடித்தது, சொத்து வரி எல்லாம் சேர்த்து 61,000 ரூபாய் போனது. மூன்று மாத வாடகையைவிட அதிகம். உங்களுக்கு 40,000 என்றே வைப்போம். கைக்கு நிற்பது ஒன்றரை லட்சம்.

இப்போது லோன் பக்கம் பாருங்கள். வருடத்துக்குக் கட்டுவது 3,12,420. முதல் வருடத்தில் அதில் இரண்டரை லட்சத்துக்கு மேல் வட்டிக்கே போய்விடும். ஆக உங்கள் வாடகை வட்டியைக்கூடத் தாண்டாது. அப்பாவின் 22 லட்சம் வங்கியில் 7 சதவீதத்தில் கிடந்தாலே வருடம் 1,54,000 வருகிறது, அதற்கு மோட்டார் ரிப்பேர் கிடையாது. வீட்டை வாங்கினால் அந்த வட்டியும் நின்றுவிடும், உங்கள் சம்பளத்திலிருந்தும் மாதம் 13,000 போகும். விலை ஏறும் என்று நம்பி வாங்குவது வேறு. அப்பா சாப்பாட்டுக்கு வாடகையை நம்பி வாங்குவது வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். 22ம் 30ம் சேர்ந்து 52. பத்திரச் செலவுக்குப் பணம் எங்கே?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி

அக்கா சொன்ன கணக்குடன் வருமான வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கு என்று கழிக்கலாம். நிஜச் செலவு எவ்வளவு ஆனாலும் அந்த 30 சதவீதம்தான். லோன் வட்டியும் கழியும். ஆனால் புதிய வரி முறையில் இருந்தால், வட்டி அதிகமாகி வீட்டுக் கணக்கில் நஷ்டம் வந்தாலும் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை முடியும். "லோன் போட்டால் டாக்ஸ் மிச்சம்" என்று புரோக்கர் சொன்னால் எந்த முறை என்று கேளுங்கள்.

கம்பியும் கலவையும்

சிவில் டிப்ளமோ முடித்து கடலூர், புதுச்சேரி இரண்டிலும் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். விலை பேசும் முன் ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துப் போங்கள். சீலிங்கில் பத்து இடத்தில் மெதுவாகத் தட்டுங்கள். கெட்டியான இடத்தில் "டங்" என்று கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பிரிந்த இடத்தில் "பொத்" என்று கேட்கும். பெயிண்ட் அடித்து எதை மறைத்தாலும் அந்தச் சத்தத்தை மறைக்க முடியாது.

நம் கரையோர ஊர்களில் உப்புக் காற்றுதான் வீட்டைத் தின்கிறது. காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள கலவையைத் தள்ளி வெடிக்க வைக்கிறது. முதலில் கம்பி போகும் வாக்கில் மயிர் விரிசல், அப்புறம் காவி நிறக் கறை, அப்புறம் ஒரு நாள் சமையலறையில் ஒரு பத்தை கீழே விழும். கட்டும்போதே போர்வெல் உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இது இன்னும் சீக்கிரம் வரும். போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிடுங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் குடியிருந்தவர்கள் மூன்று வருடம் சொல்லியும் உரிமையாளர் மேலே பூசி மட்டும் விட்டார். கடைசியில் ஸ்லாபையே எடுத்துப் போட வேண்டியதாகிவிட்டது. கம்பி தெரியும் அளவுக்குச் சுரண்டி, துருவை எடுத்து, பூச்சுக் கொடுத்து, பிறகு கலவை போடுவதுதான் வழி. வெறும் பூச்சு காசுக்குக் கேடு.

தரையிலிருந்து இரண்டு, மூன்று அடிக்கு உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்திருந்தால் ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அதே உயரத்தில் எல்லா அறையிலும் நேர்கோடாக ஒரு கறை இருந்தால் அது ஓதம் இல்லை, வெள்ளம் நின்ற அடையாளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் வரை மழை கொட்டியது. ரெயின்போ நகர் மட்டும் மூழ்கியது என்று நினைக்காதீர்கள். அந்தத் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றது என்று பெட்டிக்கடையில் கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் அக்கா

இவர் சொல்வது நூறு சதவீதம் சரி. 2011 டிசம்பர் 30 தானே புயலில் என் பின்பக்கப் போர்ஷனின் ஷீட் கூரை மொத்தமும் பறந்தது. குடியிருந்த குடும்பம் கைக்குழந்தையோடு எங்கள் கூடத்தில் வந்து படுத்தது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அவர்களிடம் அந்த மாத வாடகையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூரை மாற்றக் கடன்தான் வாங்கினேன். வாடகை வராத மாதத்தில்தான் வீட்டுக்குச் செலவும் வரும் தம்பி. ஆறு மாத வாடகை அளவுக்குத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

செம்மண்டலத்தான்

அக்கா, கணக்கைப் படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் இன்னொன்று கேட்டார்: "லோன் போடாமல், கீழ்ப் போர்ஷனைப் போக்கியத்துக்கு விட்டு அந்தப் பணத்தை வீட்டு விலையில் போட்டால்?" யாரோ 6 லட்சம் தருவதாகச் சொல்கிறார்களாம். மூன்று வருடத்துக்கு வாடகை கிடையாது, முடிவில் 6 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மஞ்சக்குப்பம் அக்கா

வேண்டாம். இதை என் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

2016இல் என் வீட்டுக்காரர் நடுப் போர்ஷனை 4 லட்சத்துக்குப் போக்கியம் விட்டார். பெண்ணின் கல்யாணச் செலவு. பணம் கையில் வந்தபோது சொந்தப் பணம் மாதிரியே இருந்தது. மூன்று வருடம் முடிந்து அவர்கள் பணத்தைக் கேட்டபோது எங்களிடம் நாற்பதாயிரம்கூட இல்லை. பாவம், அவர்கள் ஊரில் மனை வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எங்கள் பணத்தை நம்பி இருந்தார்கள். ஐந்து மாதம் அலைந்து, இன்னொரு போக்கியக்காரரைப் பிடித்து, 5 லட்சம் வாங்கி அவர்களுக்குக் கொடுத்தோம். கடன் 4 லட்சத்திலிருந்து 5 லட்சமாக ஏறியதுதான் மிச்சம். அந்தப் போர்ஷனிலிருந்து ஆறு வருடம் ஒரு ரூபாய் வாடகை வரவில்லை, வரியும் ரிப்பேரும் மட்டும் நம் தலையில். கடைசியில் என் நகையை வைத்து மீட்டேன். அந்த முதல் குடும்பத்தின் மனை கைநழுவிப் போய்விட்டது. இன்றைக்கும் திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் அந்தம்மாவைப் பார்த்தால் எனக்குக் கூசுகிறது.

போக்கியப் பணம் கடன். வட்டிக்குப் பதில் வீட்டைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். திருப்பித் தரும் தேதிக்குப் பணம் தயாராக இருக்கிறவர்கள் மட்டும் தொட வேண்டும்.

குமாஸ்தா

வக்கீல் ஆபீசில் 18 வருடம். இந்த வழக்குகளை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். புதுச்சேரி எல்லை முள்ளோடையைத் தாண்டினால் சட்டமே வேறு. கடலூரில் இருப்பது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதுச்சேரிக்கு 1969ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியாக உண்டு. கடலூர்க்காரர் சொன்னதைக் கேட்டு ரெட்டியார்பாளையத்தில் ஒப்பந்தம் எழுதாதீர்கள். அந்த ஊர் வக்கீலிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுதாமல் வாய்ப்பேச்சில் விட்ட பலர் பின்னால் தவிக்கிறார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகை தரவில்லை என்று கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். இரண்டு மாத பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்தில் தராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். இதுதான் வழி.

"12 வருஷம் இருந்துட்டா வீடு அவங்களுக்கே போயிடும்" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. வாடகைக்காரர் நம் அனுமதியோடு இருப்பவர். எத்தனை வருடம் வாடகை கொடுத்து இருந்தாலும் அதனால் மட்டும் உரிமை வராது. இந்தப் பயத்தில்தான் நல்ல குடித்தனக்காரர்களையும் 11 மாதத்துக்கு ஒருமுறை விரட்டுகிறார்கள். உண்மையில் 11 மாதம் என்பது, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்தால் வந்த பழக்கம்.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது இன்னொன்று. வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. வாங்கும்போது அவர்களுடைய அட்வான்ஸ் பொறுப்பும் உங்களிடம் வரும். பழைய உரிமையாளர் அதைக் கிரயத் தொகையில் கழித்தாரா என்று பாருங்கள். யாராவது போக்கியத்தில் இருக்கிறார்களா என்று குடியிருப்பவர்களிடமே நேரில் கேளுங்கள். பதியாத போக்கியம் வில்லங்கச் சான்றில் வராது.

ஏழு வீடு பார்த்தவள்

எல்லோரும் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் 14 வருடத்தில் ஏழு வீடு மாறியவள், எல்லாம் கடலூருக்குள்ளேயே. கோபமாக எழுதவில்லை, தம்பி வாங்கப் போகிறார் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் கட்டிய அட்வான்ஸ் முழுதாகத் திரும்பி வந்தது இரண்டே வீட்டில். மற்ற இடங்களில் வெள்ளை அடிக்க ஒரு மாதம், குழாய்க்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டார்கள். பில் கேட்டால் முகம் மாறும். கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய் வாங்கினார்கள். அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது, அது ஒரு நாளும் என் கைக்கு வந்தது இல்லை. வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "எத்தனை பேர்", இரண்டாவது "நீங்க என்ன ஆளுங்க". பதில் சொன்னதும் "வேற ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டோம்" என்பார்கள். டு-லெட் போர்டு மறுநாளும் அங்கேயே தொங்கும். என் மகள் அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

இப்போது இருக்கும் வீட்டில் ஆறாவது வருடம். வீட்டுக்காரம்மா மழைக்கு முன் தானே வந்து மாடியைப் பார்ப்பார். ஒழுகினால் இரண்டு நாளில் ஆள் வரும். வாடகை ஒன்றாம் தேதி காலையில் போட்டுவிடுவேன், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வேறு இடத்தில் 1,000 ரூபாய் குறைவாகக் கிடைத்தும் நான் போகவில்லை.

மஞ்சக்குப்பம் அக்கா

நீங்கள் சொன்னது எல்லாம் நடக்கிறதுதான் அம்மா. கரண்ட் விஷயத்தில் நானும் முதலில் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று போர்ஷனுக்கும் ஒரே சர்வீஸ் இருந்ததால் யூனிட் சேர்ந்து, ரேட் அதிகமான மேல் ஸ்லாபுக்குப் போய் பில் எகிறும். அப்புறம் செலவு செய்து ஒவ்வொன்றுக்கும் தனி சர்வீஸ் வாங்கினேன். அவரவர் பில், அவரவர் 100 யூனிட். அன்றோடு கரண்ட் சண்டை முடிந்தது. ஆள் பார்க்கும்போது நான் கேட்பது இரண்டுதான்: என்ன வேலை, இதற்கு முன் எங்கே இருந்தீர்கள். அந்தப் பழைய வீட்டுக்காரரிடம் ஒரு போன் பேசினால் வேறு எதுவும் கேட்கத் தேவை இல்லை.

முதலியார்பேட்டை டு பாரிஸ்

நாங்கள் பிரான்சில் இருக்கிறோம், வீடு முதலியார்பேட்டையில். தூரத்தில் இருந்துகொண்டு வாடகைக்கு விடுவது பெரிய வேதனை. பார்த்துக்கொள்ள வைத்த உறவினர் எட்டு மாதம் வாடகையை வாங்கிக்கொண்டு "காலியா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். லீவில் வந்து கதவைத் தட்டினால் ஒரு குடும்பம் காபி கொடுக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வாடகை தருபவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியவில்லை. தம்பிக்குக் கடலூரிலிருந்து முக்கால் மணி நேரம்தானே என்று தோன்றலாம். மாடியில் தண்ணீர் வரவில்லை என்று இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தால் அந்த முக்கால் மணி நேரம் என்ன என்று தெரியும்.

கோரிமேடு வாசி

ஜிப்மருக்குப் பக்கத்தில் எங்கள் அம்மா இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். வருவது பெரும்பாலும் நோயாளிகளின் வீட்டார். விழுப்புரம், திருவண்ணாமலை, இன்னும் தூரத்திலிருந்து வருவார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு என்று ஒன்றரை மாதம் கேட்டு வருவார்கள், அது நாலு மாதம் ஆகும். கணக்குப்படி பார்த்தால் நல்ல வாடகை, ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் பணம் தீர்ந்துபோன மாதம் ஒன்று எல்லோருக்கும் வரும். போன வருடம் ஒரு பெரியவர் மனைவியின் சிகிச்சைக்காக இருந்தார். மூன்றாவது மாதம் வாடகை தர முடியவில்லை, அம்மா கேட்கவில்லை. அந்த அம்மாள் இறந்த பிறகு ஊருக்குப் போனவர், அறுப்பு முடிந்து வந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கிவிட்டுப் போனார். இந்த வீட்டில் லோன் இருந்திருந்தால் அம்மாவால் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

செம்மண்டலத்தான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று நானும் அப்பாவும் ரெட்டியார்பாளையம் போனோம். சுத்தியல் எடுத்துப் போயிருந்தேன். மாடி சீலிங் கெட்டியாகத்தான் கேட்டது. பாத்ரூம் மேலே மட்டும் இரண்டு இடத்தில் "பொத்". கீழே சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், ஒரு கறை இல்லை. வாங்கிவிடலாம் என்றே தோன்றியது.

கிளம்பும்போது கீழ்ப் போர்ஷன் அம்மா தண்ணீர் கொடுத்தார். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எதையோ பார்த்துக்கொண்டே இருந்தார். பீரோவின் நான்கு காலுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல். ஃபிரிட்ஜுக்கும் அப்படியே. கட்டில் காலுக்கும். "இது எதுக்கும்மா" என்று கேட்டார். ஃபெஞ்சல் மழையில் முழங்கால் வரை நின்றதாம், மூன்று நாள் மாடிப் போர்ஷனில் போய் இருந்தார்களாம். அதன்பிறகு மழைக்காலம் முடிந்தாலும் செங்கலை எடுப்பதில்லை என்றார். குமாஸ்தா சொன்னபடி அட்வான்ஸையும் கேட்டேன். 60,000 கொடுத்திருக்கிறார்கள். புரோக்கர் எங்களிடம் 20,000 என்றுதான் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது அப்பா, இது வேண்டாம்பா என்று சொல்லிவிட்டார். இப்போது எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு படுக்கையறைப் போர்ஷன் கட்டலாமா என்று கேட்கிறார். லோன் இல்லாமல் அவர் பணத்தில் பாதிக்குள் முடித்துவிட்டு, மீதியை வங்கியிலேயே விடலாம் என்கிறார். ஒருவர் குடி வந்தால் போதும் என்கிறார்.

மஞ்சக்குப்பம் அக்கா

அப்பா கண் நல்ல கண். கட்டினால் படிக்கட்டை வெளிப்பக்கம் வையுங்கள், உங்கள் கூடத்தைத் தாண்டி யாரும் போகக் கூடாது. தண்ணீர்த் தொட்டி தனி, கரண்ட் சர்வீஸ் தனி. வாஷிங் மெஷினுக்கு இப்போதே ஒரு குழாய் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் சுவரை உடைப்பீர்கள்.

கம்பியும் கலவையும்

அவசரப்பட்டு மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். 1998 வீடு என்கிறீர்கள். பில்லர் போட்டுக் கட்டியதா, சுவர் மேலேயே ஸ்லாப் நிற்கிறதா? அஸ்திவாரம் எத்தனை அடி என்று அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறதா? மாடிக்கு அனுமதி வாங்கப் பிளானும் வேண்டும்.

செம்மண்டலத்தான்

பில்லர் இல்லை சார், சுவர் மேலேதான். அஸ்திவாரம் ஐந்து அடி தோண்டினோம் என்கிறார் அப்பா. அப்போது எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறதாம், பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்.

கம்பியும் கலவையும்

போட்டோ கிடைத்தால் எடுத்து வையுங்கள். ஞாயிறு காலை செம்மண்டலம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, பத்து மணிக்கு வந்து பார்க்கிறேன். வீட்டு மூலையில் இரண்டடிக்கு ஒரு குழி தோண்டி வைத்திருங்கள், கடைக்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.